பெட்டியைத் திறப்பது முதல் பூட்டுவது வரை: போட்டித் துப்பாக்கி சுடுதலில் பாதுகாப்பு – முழு வழிகாட்டி

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்குக் கிடைத்த 6 பதக்கங்களில் 3 துப்பாக்கி சுடுதலில் வந்தவை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமானும் அதே ஒலிம்பிக்கில் களம் இறங்கியவர்கள். பிள்ளையை ரைஃபிள் கிளப்பில் சேர்க்கலாமா என்று யோசிக்கும் பெற்றோர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "ஆபத்து ஒண்ணும் இல்லையே சார்?"

ஒழுங்காக நடக்கும் ரேஞ்சில் (சுடும் களத்தில்) இது மிகவும் பாதுகாப்பான விளையாட்டு. அந்த ஒழுங்கைத் தினமும் கையால் செய்தாக வேண்டும். குறி பார்த்து நிற்கும் நேரத்தைப் பற்றி எனக்குப் பெரிய கவலை கிடையாது. அப்போது சுடுபவர், கோச், களத்தில் கட்டளை தரும் ரேஞ்ச் ஆபீஸர் எல்லோருடைய கண்ணும் துப்பாக்கி மேல்தான் இருக்கும். கவலை மற்ற நேரங்களைப் பற்றியது: பெட்டியிலிருந்து எடுக்கும்போது, யாரோ கூப்பிட்டுத் திரும்பும்போது, பெல்லட் (ஏர் துப்பாக்கியின் சிறு ஈயக் குண்டு) சிக்கிக்கொள்ளும்போது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரமாகக் கட்டும்போது. அதனால் இந்த வழிகாட்டியைத் துப்பாக்கி பெட்டியிலிருந்து வெளியே வந்து மறுபடி பெட்டிக்குள் போகும் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். பெரும்பாலானோர் தொடங்குவது அழுத்தக் காற்றால் சுடும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் அல்லது ஏர் பிஸ்டலில். ஆகவே அதுவே மையம்; வெடிமருந்துத் தோட்டா போடும் .22, ஷாட்கன் பற்றி நடுவே சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்: மூன்று பழக்கங்கள்

ஒன்று, கையில் உள்ள துப்பாக்கி எப்போதும் லோட் ஆகியிருப்பதாகவே நினைக்க வேண்டும். நண்பர் "காலிதான்" என்று சொல்லிக் கொடுத்தாலும், ஒரு நிமிடம் முன்பு நீங்களே பார்த்து வைத்திருந்தாலும், எடுத்தவுடன் திறந்து பாருங்கள்.

இரண்டு, பாரலின் முனை டார்கெட் பக்கமே இருக்க வேண்டும். கூரையைப் பார்த்தோ, தரையைப் பார்த்தோ, பக்கத்து லேனை (அடுத்தவர் நின்று சுடும் இடத்தை) பார்த்தோ போகக்கூடாது.

மூன்று, சுடத் தயாராகும்வரை விரல் டிரிகர் கார்டுக்கு (டிரிகரைச் சுற்றியுள்ள வளையத்துக்கு) வெளியே இருக்க வேண்டும். போட்டித் துப்பாக்கியில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. சர்வதேச விதிப்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டலின் டிரிகர் குறைந்தது 500 கிராம் எடை தாங்க வேண்டும். ஏர் ரைஃபிளுக்கு அப்படி ஒரு கீழ்வரம்பே கிடையாது. தேர்ந்த வீரர்கள் மிகவும் லேசாக வைத்திருப்பார்கள். விரல் பட்டாலே ஷாட் போய்விடும். புதிதாக வந்த பிள்ளை அப்படிப்பட்ட ரைஃபிளை வாங்கிப் பார்த்தால், "நான் அழுத்தவே இல்லையே" என்று சொல்வது முழு உண்மையாகத்தான் இருக்கும். இந்த ரைஃபிள்கள் பெரும்பாலானவற்றில் சேஃப்டி லாக்கும் இருக்காது. இருந்தாலும் அதை நம்பி முனையைத் திருப்பக் கூடாது.

படி 1: பெட்டியைத் திறப்பது

ரேஞ்சுக்குள் நுழைந்ததும் நாற்காலியிலோ வராந்தாவிலோ பெட்டியைத் திறக்காதீர்கள். உங்கள் லேனுக்குப் போய், ரேஞ்ச் ஆபீஸர் அல்லது கோச் அனுமதி சொன்ன பிறகு திறங்கள். திறக்கும் முன்பே பாரல் டார்கெட்டைப் பார்த்திருக்கும்படி பெட்டியை வையுங்கள். பலர் விடும் இடம் இது. பெட்டி குறுக்காக இருந்தால், துப்பாக்கியைத் தூக்கித் திருப்புகிற அந்த ஒரு விநாடியில் முனை பக்கத்து லேனில் இருப்பவர் மேல் ஒரு சுற்று போய்விடும். ரைஃபிள் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்திருக்கிறது என்று தெரிய, பெட்டியின் வெளிப்புறத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வைத்தால் போதும்.

எடுத்ததும் லீவரையோ போல்ட்டையோ திறந்து பாருங்கள். சேஃப்டி ஃபிளாக் உள்ளேயே இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பெஞ்சில் முனை முன்னோக்கி வையுங்கள்.

படி 2: சேஃப்டி ஃபிளாக்

பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது அதுபோன்ற நிறத்தில் ஒரு நீளமான பிளாஸ்டிக் இழை. ஏர் துப்பாக்கிகளில் இது பாரலின் முழு நீளத்துக்கும் ஓடி இரு பக்கமும் வெளியே தெரிய வேண்டும் என்பது விதி. பின்பக்கம் சின்னதாக ஒன்றைச் செருகினால் அறை (பெல்லட்டோ தோட்டாவோ உட்காரும் இடம்) காலி என்பது மட்டுமே தெரியும். இழை இந்த முனையில் நுழைந்து அந்த முனையில் வெளியே வந்தால்தான் பாரலுக்குள் பெல்லட் எதுவும் இல்லை என்பது உறுதியாகும். தூரத்தில் நிற்கும் ரேஞ்ச் ஆபீஸருக்கும் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

கடையில் விற்கும் ஃபிளாக் கிடைக்காவிட்டால், புல்வெட்டும் மெஷினுக்குப் போடும் நைலான் இழையை அளவாக வெட்டிப் பலர் பயன்படுத்துகிறார்கள். நன்றாகவே வேலை செய்யும். பாரலைவிட ஒரு சாண் நீளமாக வெட்டிக்கொள்ளுங்கள். செருகும்போது முனைக்கு நேரே உள்ளங்கையைக் கொண்டுபோகாதீர்கள்.

ஃபிளாக்கை எடுக்க அனுமதி வந்த பிறகே எடுக்க வேண்டும். லேனைவிட்டு ஒரு அடி நகர்ந்தாலும், தண்ணீர் குடிக்கப் போனாலும், அது மறுபடி உள்ளே போக வேண்டும்.

படி 3: சிலிண்டர்

ஏர் துப்பாக்கி என்றதும் விளையாட்டுச் சாமான் போலப் பேசுகிறார்கள். அதன் காற்று சிலிண்டரில் வழக்கமாக 200 பார் அழுத்தம் இருக்கும். கார் டயரில் உள்ளதைப்போல ஏறத்தாழ நூறு மடங்கு. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சிலிண்டரின் மேல் தயாரிப்புத் தேதி பொறிக்கப்பட்டிருக்கும். முன்னணி நிறுவனங்கள் 10 ஆண்டுதான் ஆயுள் சொல்கின்றன. காலாவதியானதைப் பயன்படுத்தாமல் இருப்பது வீரரின் பொறுப்பு என்று சர்வதேச விதிகளே சொல்கின்றன. பழைய ரைஃபிளை செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் பாரலை மட்டும் பார்த்துவிட்டு இந்தத் தேதியைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். தேதி முடிந்திருந்தால் புது சிலிண்டரின் விலையையும் சேர்த்துப் பேசுங்கள்.

நிரப்பும்போது திருகை நன்றாக மாட்டி, வால்வை மெதுவாகத் திறங்கள். வேகமாக நிரப்பினால் சிலிண்டர் சூடேறும். ஆறியதும் அழுத்த மீட்டர் இறங்கிவிடும். முடிந்ததும் இணைப்பில் உள்ள காற்றை ப்ளீட் திருகால் வெளியேற்றிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். திருகில் எண்ணெய், கிரீஸ் எதுவும் தடவாதீர்கள். உயர் அழுத்தக் காற்றில் எண்ணெய் தீப்பற்றக்கூடும். ஆக்ஸிஜன் சிலிண்டரிலிருந்து ஒருபோதும் நிரப்பக் கூடாது. அது வெடிவிபத்துக்கு நேர்வழி.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு கணக்கு. 30 டிகிரியில் 200 பார் நிரப்பிய சிலிண்டர், பூட்டிய காருக்குள் 60 டிகிரி சூட்டில் கிடந்தால் அழுத்தம் சுமார் 220 பார் ஆகிவிடும். மே மாதம் காரில் வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகாதீர்கள்.

படி 4: லேனில் நிற்பது, லோட் செய்வது

கட்டளைகள் ஆங்கிலத்தில்தான் வரும்: "லோட்", "ஸ்டார்ட்", "ஸ்டாப்", "அன்லோட்". எந்தக் கட்டளைக்கு எது செய்யலாம் என்பது தூக்கத்தில் கேட்டாலும் தெரிய வேண்டும். "லோட்" வரும்முன் பெல்லட் உள்ளே போகக் கூடாது. "ஸ்டாப்" கேட்டால் டிரிகரில் பாதி அழுத்தம் கொடுத்திருந்தாலும் விரலை எடுத்துவிட வேண்டும். அந்த ஒரு ஷாட்டை முடித்துவிடலாம் என்று தோன்றும், முடிக்கக் கூடாது. "ஸ்டாப்"புக்குப் பிறகு சுடுவதும், அனுமதியின்றி லோட் ஆன துப்பாக்கியைத் தொடுவதும் தகுதிநீக்கம் வரை போகும். ஆபத்து கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் "ஸ்டாப்" என்று கத்தலாம். பத்து வயதுப் பிள்ளையும் கத்தலாம். தவறாகக் கத்திவிட்டாலும் திட்டாத கிளப்பே நல்ல கிளப்.

லோட் செய்யும்போது ரைஃபிளின் முன்பகுதி ஸ்டாண்டில் தாங்கி நிற்கட்டும், முனை டார்கெட் பக்கமே இருக்கட்டும். பெல்லட்டைக் கட்டைவிரலால் தள்ளி, லீவரை மூடி, பிறகு தோளுக்குக் கொண்டுபோங்கள். லீவரை மூடும் கையின் ஆட்காட்டி விரல் எங்கே இருக்கிறது என்று கோச் இந்த இடத்தில்தான் பார்க்க வேண்டும்.

ரைஃபிள் ஜாக்கெட்டைப் போட்ட பிள்ளைகளைக் கவனித்திருக்கிறீர்களா? அந்தத் துணி பலகை மாதிரி விறைப்பானது. இடுப்பை வளைத்துத் தலையை மட்டும் திருப்ப முடியாது. பின்னாலிருந்து அம்மா "பாட்டில் வேணுமா கண்ணு?" என்று கேட்டால், பிள்ளை மொத்த உடம்போடு திரும்பும், ரைஃபிளும் கூடவே திரும்பும். கெட்ட பழக்கம் என்று அந்தப் பிள்ளையைச் சொல்லிப் பயனில்லை, ஜாக்கெட்டின் அமைப்பு அப்படி. அதனால் இரண்டு பக்கமும் ஒரு விதி வேண்டும். லேனில் நிற்பவரைப் பின்னாலிருந்து யாரும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டாலும் லேனில் நிற்பவர் முதலில் ரைஃபிளை இறக்கி, திறந்து, பெஞ்சில் வைத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். பெற்றோர் தயவுசெய்து இதைக் கடைப்பிடியுங்கள்.

10 மீட்டர் ஏர் ரைஃபிள் தகுதிச்சுற்றில் எலக்ட்ரானிக் டார்கெட்டில் 60 ஷாட்டுக்கு 1 மணி 15 நிமிடம். ரைஃபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம். கடைசிப் பகுதியில் கை தளரும், கவனமும் தளரும். களைப்பாக இருந்தால் இறக்கி வைத்து மூச்சு வாங்குங்கள். நேரம் இருக்கிறது.

காகித டார்கெட் உள்ள ரேஞ்சில் மாற்றப் போக யாராவது முன்னே நடந்தால், எல்லாத் துப்பாக்கியும் திறந்து, ஃபிளாக் போட்டு, பெஞ்சில் கிடக்க வேண்டும். அவர்கள் திரும்பி வரும்வரை யாரும் துப்பாக்கியைத் தொடக் கூடாது. சைட் சரிசெய்யக் கூட வேண்டாம்.

படி 5: கோளாறு வந்தால்

2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச்சுற்றில், மனு பாக்கரின் பிஸ்டல் நடுவிலேயே கோளாறானது. சரிசெய்வதில் பல நிமிடங்கள் போயின. 575 புள்ளிகளோடு 12ஆம் இடம், இறுதிச்சுற்று கிடைக்கவில்லை. அவ்வளவு பெரிய மேடையில், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதும் முறை ஒன்றுதான்: முனை டார்கெட் பக்கம், அதிகாரிக்குத் தெரிவிப்பது, அனுமதியோடு சரிசெய்வது. மாவட்டப் போட்டியில் அவசரப்படும் பிள்ளைக்கு நான் இந்த உதாரணத்தைத்தான் சொல்வேன்.

ஏர் துப்பாக்கியில் பெல்லட் சிக்கினால், முனையை அப்படியே வைத்துக்கொண்டு சும்மா இருக்கும் கையைத் தூக்குங்கள். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கோச்சிடம் நடக்காதீர்கள். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: சிலிண்டரைக் கழற்றிவிட்டாலும் ரெகுலேட்டரில் (துப்பாக்கிக்குள் காற்றழுத்தத்தைச் சீராக்கும் பகுதியில்) ஒரு ஷாட்டுக்குப் போதுமான காற்று தங்கியிருக்கலாம். "சிலிண்டர் இல்லையே, எப்படிச் சுடும்?" என்று முனையில் எட்டிப் பார்ப்பது மிகவும் ஆபத்தானது.

.22-வில் கோளாறு வேறு வகை. டிரிகர் இழுத்தும் "கிளிக்" சத்தம் மட்டும் வந்தால், வெடிமருந்து தாமதமாகப் பற்றலாம். குறைந்தது 30 விநாடி முனையை டார்கெட் பக்கமே வைத்துக் காத்திருந்து, பிறகு திறந்து தோட்டாவை எடுங்கள். வழக்கத்தைவிடச் சத்தம் குறைவாக, "புஸ்" என்று வந்தால் அது இன்னும் மோசம். குண்டு பாரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் பாரல் வீங்கும், வெடிக்கவும் கூடும். உடனே நிறுத்தி, அன்லோட் செய்து, கம்பியால் பாரல் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

.22, ஷாட்கன் பக்கம் போகிறவர்களுக்கு

25 மீட்டர் செமி-ஆட்டோ பிஸ்டலை அன்லோட் செய்யும் வரிசை மாறவே கூடாது. முதலில் மேகசினை எடுங்கள். அதன் பிறகு போல்ட்டை இழுங்கள். பிறகு அறையைக் கண்ணால் பாருங்கள், பிறகு ஃபிளாக். வரிசையை மாற்றி முதலில் போல்ட்டை இழுத்தால், உள்ளே இருந்த தோட்டா வெளியே விழும். போல்ட் திரும்பிப் போகும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளிவிடும். பிறகு மேகசினைக் கழற்றுவீர்கள். தரையில் ஒரு தோட்டா, கையில் மேகசின், "காலி" என்று மனம் சொல்லும். அறையில் ஒன்று இருக்கும். இந்த வரிசையைப் பிள்ளைகளைச் சத்தமாகச் சொல்லச் சொல்லியே செய்ய வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

காது விஷயமும் இங்கேதான் தொடங்குகிறது. .22-வின் சத்தம் மூடிய ரேஞ்சில் காதைக் கெடுக்கும். பிளக் அல்லது மஃப், சுடாதவர்களுக்கும் சேர்த்து, வேண்டும். சர்வதேசப் போட்டியில் சத்தத்தைக் குறைக்கும் சாதனம் மட்டுமே அனுமதி. ஒலியைப் பெருக்கும் எலக்ட்ரானிக் வகை வீரர்களுக்குக் கூடாது. பயிற்சியிலிருந்தே சாதாரண வகைக்குப் பழகிவிடுங்கள். கண்ணாடி எல்லாப் பிரிவுக்கும் வேண்டும். ஏர் ரைஃபிளின் ஈயப் பெல்லட்கூடக் கடினமான பரப்பில் பட்டுச் சிதறித் திரும்பி வரும்.

ஷாட்கன்னால் பறக்கும் தட்டுகளைச் சுடும் டிராப், ஸ்கீட்டில் துப்பாக்கியை மடக்கித் திறந்தபடியே தூக்கிப் போக வேண்டும், ஸ்டேஷனில் உங்கள் முறை வந்தபின்தான் தோட்டா. 12 போர் ("போர்" என்பது ஷாட்கன் குழலின் அளவு; 20 போர் 12-ஐவிடச் சிறியது) ஆடுபவர் பையில் 20 போர் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. 20 போர் தோட்டா 12 போர் அறையைத் தாண்டி பாரலுக்குள் வழுக்கிப்போய் நின்றுவிடும். அறை காலியாகத் தெரியும். அதன்பின் 12 போட்டுச் சுட்டால் பாரல் வெடிக்கும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் வழக்கமானது இதனால்தான்.

படி 6: ஈயம்

பெல்லட் ஈயத்தால் ஆனது. இரண்டு மூன்று பெல்லட்டை வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து லோட் செய்யும் பழக்கம் சில பிள்ளைகளிடம் இருக்கிறது. பார்த்த உடனே நிறுத்துங்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பெல்லட் டப்பாவைத் தொட்ட கையோடு சமோசாவும் சுண்டலும் சாப்பிடக் கூடாது. ரேஞ்சுக்குள் தின்பண்டமே வேண்டாம். முடித்ததும் சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கை கழுவிவிட்டு, பிறகு டிபன் பாக்ஸைத் திறக்கட்டும்.

டார்கெட் பெட்டியின் அடியில் சேரும் ஈயத்தூளைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். தூசி எழும்பி மூச்சில் போகும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தனியாக மூட்டைகட்டி அப்புறப்படுத்துங்கள். கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

படி 7: கட்டிக் கிளம்புவது

"அன்லோட்" வந்ததும் திறந்து, பார்த்து, ஃபிளாக்கைப் போட்டு, ரேஞ்ச் ஆபீஸர் வந்து பார்க்கும்வரை காத்திருங்கள். அவர் பார்க்கும்முன் துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்தாலோ லேனைவிட்டு எடுத்துப் போனாலோ போட்டியில் தகுதிநீக்கம்கூட ஆகலாம். பயிற்சியிலும் அதையே செய்யுங்கள். பெட்டியில் ஃபிளாக்கோடேயே வையுங்கள். பெல்லட் டப்பா தனிப் பையில்.

நன்றாகச் சுட்ட மகிழ்ச்சியில் போட்டோ எடுப்பார்கள். எடுக்கலாம், ஆனால் பாரல் கேமராவைப் பார்க்கும் போஸ் வேண்டாம். பிடித்திருப்பவர் முகத்தில் எவ்வளவு பெருமை இருந்தாலும், எதிரே போனோடு நிற்பவர் ஒரு மனிதர்.

.22-வும் ஷாட்கன்னும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், 2016 ஆயுத விதிகளின் கீழ் வருபவை. உரிமம், தோட்டாக் கணக்கு, எடுத்துச்செல்லும் காகிதங்கள் எல்லாவற்றையும் கிளப் செயலாளரிடம் கேட்டுக்கொண்டே நகருங்கள். ரயிலில், விமானத்தில் போவதென்றால் பல நாள் முன்பே கேளுங்கள். ஏர் சிலிண்டரைப் பற்றி விமான நிறுவனத்திடம் தனியாகக் கேட்க வேண்டும்.

படி 8: வீட்டில்

வீட்டில் நடக்கும் பயிற்சி பெரும்பாலும் டிரை ஃபயர்: பெல்லட் இல்லாமல் நிலை, மூச்சு, டிரிகர் மட்டும். முன்னேற்றத்துக்கு இது மிகவும் உதவும். ஆனால் மேலே சொன்ன ரேஞ்ச் ஆபீஸர் வீட்டில் கிடையாது. அதனால் பெல்லட் டப்பா வேறு அறையில், மூடிய கதவுக்குப் பின்னால் இருக்கட்டும். தொடங்கும்முன் பாரலில் இழையை முழுதாக ஓட்டிப் பாருங்கள். செங்கல் சுவர்ப் பக்கம் நில்லுங்கள். ஜன்னல், கதவு, மரப்பலகைத் தடுப்புப் பக்கம் வேண்டாம். முடிந்ததும் "முடிஞ்சுது" என்று வாய்விட்டுச் சொல்லி உடனே பெட்டியில் வையுங்கள். முடித்தபின் "இன்னும் ஒண்ணு" என்று மறுபடி எடுக்கும்போதுதான் வரிசை தவறும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் முதல் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

நீளமான ஹால் இருந்து பெல்லட் போட்டுச் சுடுவதென்றால், சாய்ந்த இரும்புத் தகடு உள்ள முறையான பெல்லட் டிராப் (பெல்லட்டைப் பிடிக்கும் பெட்டி) வேண்டும். டார்கெட்டின் மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரம். டார்கெட்டுக்கும் உங்களுக்கும் நடுவே திறக்கும் கதவு எதுவும் இருக்கக் கூடாது; இருந்தால் உள்ளே தாழ்ப்பாள் போடுங்கள். குளித்துவிட்டு வரும் தாத்தாவுக்கு நீங்கள் சுடுவது தெரியாது. மொட்டை மாடியில் வேண்டவே வேண்டாம். பின்னால் இருப்பது பக்கத்து வீட்டு மாடி, அங்கே துணி காயப்போட யார் எப்போது வருவார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் பெட்டியின் சாவி பெரியவரிடமே இருக்கட்டும். உறவுக்காரப் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும் நாட்களில் பெட்டியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, சிலிண்டரைத் தனியாகக் கழற்றி, பெல்லட்டை வேறு பூட்டில் வையுங்கள். "காட்டேன் காட்டேன்" என்று கேட்டால் அடுத்த பயிற்சிக்கு ரேஞ்சுக்குக் கூட்டிப் போங்கள். அங்கே கோச் முன்னிலையில், ஃபிளாக் போட்ட ரைஃபிளில், எது முன்பக்கம் எது பின்பக்கம் என்பதிலிருந்து அவர்களே கற்றுக்கொள்ளட்டும்.